தடத்தில் வெல்லும் டயர் வீடு கொண்டு சேர்க்குமா?

எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இளையோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எடுத்துக்கொண்ட தலைப்பு இது: "டிராக் டே" ஓட்டத்திற்கு எந்த டயர் சிறந்தது? நிகழ்ச்சியில் நேரம் கருதிச் சுருக்கிச் சொன்னவற்றை இங்கே விரிவாகத் தருகிறேன்.

"டிராக் டே" என்பது பந்தயம் அல்ல. கட்டணம் செலுத்தி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. 2017 வரை பார்முலா 1 பந்தயம் நடந்த அதே தடத்தில் மைவியும் சாகாவும் சிவிக்கும் ஓடுகின்றன. சிங்கப்பூரிலிருந்தும் பலர் பாலம் கடந்து வருகிறார்கள். நள்ளிரவில் பொதுச் சாலையில் உயிரைப் பணயம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பந்தய வீரர் டயரைத் தடத்திலேயே கழற்றிவிட்டுப் போகிறார். நம்மில் பெரும்பாலோர் அதே டயரில்தான் வீடு திரும்புகிறோம். அதுவும் மாலை மழையில், நெடுஞ்சாலையில். ஆகவே "எது வேகமானது?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும்.

மூன்று வகை டயர்கள்

கடையில் நூறு பெயர்கள் இருந்தாலும், இந்தப் பயன்பாட்டுக்கு வரும் டயர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். பல டயர்களின் பக்கச் சுவரில் "டிரெட்வேர்" என்ற சொல்லும் அதன் அருகே ஓர் எண்ணும் இருக்கும். இது அமெரிக்க விதிப்படி இடப்படும் தேய்மான எண். ஒப்பீட்டு டயருக்கு 100 என்று கொண்டால், 200 உள்ளது சோதனையில் அதைப்போல் இரு மடங்கு உழைத்தது என்று பொருள். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகவும் பிடிப்பாகவும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்து இடுகிறார் என்பதால், வெவ்வேறு நிறுவனங்களின் எண்களைத் தராசில் வைத்ததுபோல் ஒப்பிட முடியாது.

முதல் வகை, சாலைக்கான உயர்திறன் டயர். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் ஓர் எடுத்துக்காட்டு; எண் 300. பள்ளங்கள் ஆழமானவை, மழையில் நம்பலாம், நீண்ட நாள் உழைக்கும். தடத்தில் சில சுற்றுகள் விரட்டினால் சூடேறி வழுக்கத் தொடங்கும்.

இரண்டாம் வகை, சாலைக்கும் தடத்துக்கும் நடுவில் நிற்பது. பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோக்கோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்றவை, எண் 200. காய்ந்த தடத்தில் பிடிப்பு மிக நன்று. மழையிலும் ஓரளவு சமாளிக்கும், பள்ளம் ஆழமாக உள்ள வரைக்கும்.

மூன்றாம் வகை, "செமி ஸ்லிக்" எனப்படும் பாதி மொட்டை டயர். தோயோ புரோக்செஸ் ஆர்888ஆர் இவ்வகை, எண் 100. சாலையில் ஓட்ட அனுமதிக்கத்தக்க அளவுக்கு மட்டுமே பள்ளம் இருக்கும். சூடேறிய பிறகு இதன் பிடிப்புக்கு முன் மற்ற இரண்டும் நிற்காது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

தார்ச்சாலையை உற்றுப் பார்த்தால் அதில் சிறு சிறு கற்களின் மேடு பள்ளம் தெரியும். டயரின் ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் அமுங்கி, நெளிந்து, வெளியே வருகிறது. அமுங்கிய ரப்பர் பந்தைப்போல் உடனே எகிறித் திரும்பினால் பிடிப்பு குறைவு. வாங்கிய சக்தியை முழுதாகத் திருப்பித் தராமல் மெல்லத் திரும்பும் ரப்பரே சாலையைப் பற்றிக்கொள்கிறது. திருப்பித் தராத சக்தி வெப்பமாகிறது. பிடிப்பும் சூடும் ஒட்டிப் பிறந்தவை என்பது இதனால்தான்.

நம் குடும்பங்களில் பலரின் பாட்டனும் பாட்டியும் பால்மரம் சீவியவர்கள். அந்த இயற்கை ரப்பரின் குணம், எகிறித் திரும்புவது; அதிகம் சூடேறாதது. ஆகவேதான் லாரி டயரிலும் விமான டயரிலும் அது இன்றும் பெருமளவு சேர்கிறது. காரின் உயர்திறன் டயரில் சாலையைத் தொடும் மேற்பகுதியோ பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனது. எகிறாமல் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு வேண்டும்.

ஆழமான பள்ளங்கள் உள்ள டயரில் ரப்பர் சிறு சிறு கட்டைகளாகப் பிரிந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒவ்வொரு கட்டையும் வளைந்தாடி, கூடுதலாகச் சூடேறும். மதிய வெயிலில் சிப்பாங் தடத்தின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. சூடு எல்லை மீறினால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். செமி ஸ்லிக்கில் பள்ளம் குறைவு, கட்டை பெரிது. அதனால் அது தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அதே டயர் சூடேறாத நிலையில் தன் முழுப் பிடிப்பைத் தருவதில்லை. வீட்டு வாசலிலிருந்து புறப்படும்போதும், நனைந்த சாலையில் குளிர்ந்துபோன நிலையிலும், விளம்பரத்தில் சொன்ன டயர் அல்ல அது.

மழை வந்தால் என்ன ஆகும்?

2001 மலேசிய கிராண்ட் பிரீயைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே மழை கொட்டியது. பெராரி அணியின் மைக்கேல் ஷூமாக்கரும் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவும் ஒரே வளைவில் வழுக்கித் தடத்தை விட்டு வெளியேறினார்கள். பிறகு பெரும்பாலான அணிகள் கனமழை டயரை மாட்ட, பெராரி மட்டும் இடைநிலை டயரைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்புக் காரின் பின்னால் எல்லோரும் மெதுவாக ஓடிய நேரத்தில் தண்ணீர் குறைந்தது. ஷூமாக்கர் வென்றார், பாரிக்கெல்லோ இரண்டாவதாக வந்தார். 2009இல் அதே தடத்தில் மழைக்கென்றே செய்த டயர்கள் இருந்தும் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. உலகத்தின் தேர்ந்த ஓட்டுநர்களுக்கே இந்த நிலை என்றால், அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் நேரத்து மழையில் நம் நிலை என்ன?

டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவற்றால் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் சேர்ந்தால், டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டீரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான். இதை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைச் சார்ந்தது என்று ஒரு சூத்திரம் தந்தார்கள். தேய்ந்த டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தை மீறித் தண்ணீர் நிற்கும் சாலைக்கும் உரிய கணக்கு அது. காருக்கு அச்சு அசலாகப் பொருந்தாவிட்டாலும் நல்ல வழிகாட்டி.

பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும்போது 210, 220 என்று பார்க்கிறோமே, அது கிலோபாஸ்கல். 220 அழுத்தத்திற்கு அந்தச் சூத்திரம் தரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையின் வேக வரம்போ 110. பள்ளம் தேய்ந்த டயரோடு சட்டப்படி ஓட்டினாலும் ஆபத்தில் இருக்கிறோம் என்பதே இதன் பொருள். பள்ளமே குறைவாக உள்ள செமி ஸ்லிக், தடத்தில் சில நாள் தேய்ந்த பிறகு, இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

காற்றில் ஒளிந்திருக்கும் ஆபத்து

கருத்தரங்கில் பலரையும் வியக்க வைத்த பகுதி இதுதான். 30 டிகிரி சூட்டில் 210 அழுத்தம் வைத்துத் தடத்தில் இறங்குகிறீர்கள். டயருக்குள் உள்ள காற்று 80 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 260 ஆகிவிடும். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும். ஆகவே அனுபவசாலிகள் ஓட்டத்திற்கு இடையே காற்றை இறக்கி 220க்குக் கொண்டுவருகிறார்கள். தடத்தில் அது சரியான செயல்.

அதே டயர் குளிர்ந்தால்? அழுத்தம் 175க்கு இறங்கிவிடும். அந்த அழுத்தத்திற்குச் சூத்திரம் சொல்லும் மிதக்கும் வேகம் மணிக்கு 84 கிலோமீட்டர்தான். களைப்போடும் மகிழ்ச்சியோடும் காரில் ஏறி, மறுபடி காற்றடிக்காமல் நெடுஞ்சாலையில் நுழைபவர், தமக்குத் தெரியாமலே பத்து கிலோமீட்டர் வேகத்திற்கான பாதுகாப்பைத் தடத்திலேயே விட்டுவிட்டு வருகிறார். டயர் ஆறிய பிறகு, கார்க் கதவின் ஓரம் ஒட்டியுள்ள அட்டையில் குறித்த அளவுக்குக் காற்றடித்துவிட்டுப் புறப்படுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

யாருக்கு எது?

முதல் முறை தடத்தில் இறங்குபவருக்கு முதல் வகையே போதும். சாலை டயர் பிடியை விடுவதற்கு முன் கிறீச்சிட்டுக் குரல் கொடுக்கும், மெல்லத்தான் வழுக்கும். அந்தக் குரல்தான் புதியவருக்கு ஆசான். செமி ஸ்லிக் அதைவிட அதிக வேகம் வரை பிடித்துக்கொண்டு, விடும்போது சட்டென்று விடும். பழகாதவருக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது.

ஆண்டுக்குப் பல முறை செல்பவர், ஒரே டயரில் போய்த் திரும்புபவர் என்றால் இரண்டாம் வகை பொருந்தும். மழைக்காலத்தில் வேகத்தை அவரே குறைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகை வேண்டுமென்றால் தனிச் சக்கரத்தில் மாட்டி எடுத்துச் சென்று, தடத்தில் மாற்றி ஓட்டி, மீண்டும் சாலை டயருக்கு மாற்றிக்கொண்டு திரும்புங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் அந்த வகை வேண்டாம்.

எதை வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு நாளைச் சொல்லும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். அடுத்து வேகக் குறியீடு: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கிலோமீட்டர். மூன்றாவது, பள்ளத்திற்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள தேய்மானக் கட்டை. அது மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயரின் கதை முடிந்தது. தடத்தில் இறங்கும் டயர்கள் வெளி விளிம்பில்தான் முதலில் தேயும். நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகனோ மகளோ தடத்திற்குப் போகிறேன் என்றால் உடனே தடுத்துவிடாதீர்கள். அங்கே வேகத்திற்கு இடமும் உண்டு, கண்காணிப்பும் உண்டு. "எந்த டயரில் போகிறாய், எந்த டயரில் திரும்பி வருவாய்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால், நம்பி அனுப்பலாம்.