நடுவானில் நெஞ்சுவலி வந்தா பில் யார் கட்டுறது?

2022 ஜூலை. டில்லியில இருந்து ஹைதராபாத் வந்துட்டிருந்த இண்டிகோ விமானம். நடுவானில், விமானத்துல டாக்டர் யாராவது இருக்காங்களான்னு பணிப்பெண் பதட்டமா கேட்க, எழுந்து வந்தவங்க தமிழிசை சௌந்தரராஜன். அப்போ தெலங்கானா ஆளுநர். ஆனா படிப்பால டாக்டர். வேர்த்துக் கொட்டி, சோர்ந்து கிடந்த பயணி ஒரு மூத்த போலீஸ் அதிகாரி. தமிழிசை முதலுதவி செஞ்சு, தைரியம் சொல்லி, ஹைதராபாத் வரை பார்த்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரில சேர்த்தப்போதான் டெங்குன்னு தெரிஞ்சுது. பிளேட்லெட் வெறும் 14,000.

ஒவ்வொரு விமானத்துலயும் ஆளுநர் வர மாட்டாங்க. ஆனா 2013-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுப்படி, ஏறக்குறைய பாதி சம்பவங்கள்ல உதவினது பயணியா வந்த டாக்டர்தான். 604 விமானத்துக்கு ஒரு சம்பவம். அதுலயும் சுமார் 7 சதவீதத்துலதான் வேற ஊர்ல இறக்கினாங்க. அதனால ரொம்ப பயப்பட வேண்டாம். பணக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

மேல இருக்கிற வரைக்கும் செலவு இல்ல. ஆக்சிஜன், முதலுதவிப் பெட்டி, ரூட்டை மாத்தி இறங்கினா ஆகுற எரிபொருள், எல்லாம் வழக்கமா ஏர்லைன்ஸ் பாடு. கதவு திறந்ததும் ஆம்புலன்ஸ், ஐசியூ எல்லாம் நம்ம கணக்கு. "ஃப்ளைட்லதானே ஆச்சு, அவங்க தர மாட்டாங்களா?"ன்னு கேட்கலாம். சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் (இந்தியா 2009-ல சேர்ந்தது) 'விபத்து' நடந்தாதான் இழப்பீடு தரச் சொல்லுது. உங்க உடம்புக்குள்ளயே வந்த ஹார்ட் அட்டாக் அந்தக் கணக்குல வராது.

உள்நாட்டுப் பயணம்னா ஹெல்த் பாலிசி கை கொடுக்கும். எந்த ஊர்ல இறங்குவோம்னுதான் தெரியாது. 2023 ஆகஸ்ட்ல பெங்களூர் – டில்லி விஸ்தாரா விமானம், மூச்சு நின்னுபோன ஒரு குழந்தைக்காக நாக்பூர்ல இறங்குச்சு. அந்த மாதிரி நேரத்துல நெட்வொர்க் ஆஸ்பத்திரி தேடிட்டு இருக்க முடியுமா? 2024 ஜனவரில வந்த 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' ஏற்பாட்டுல, லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரியிலயும் கேஷ்லெஸ் கேட்கலாம். அவசர அட்மிஷன்னா 48 மணி நேரத்துக்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிடணும்.

நாவலூர், சிறுசேரி ஐடி மக்கள் மாட்டிக்கிறது வெளிநாட்டுப் பயணத்துலதான். ஆன்சைட்ல இருக்கிற பிள்ளையைப் பார்க்க அப்பா அம்மா மீனம்பாக்கத்துல ஃப்ளைட் ஏறுவாங்க. "ஆபீஸ் பாலிசில அவங்களையும் சேர்த்திருக்கேனே"ன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. ஆனா ஆபீஸ் குரூப் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள எடுக்குற சிகிச்சைக்கு மட்டும்தான். துபாய்லயோ ஃபிராங்க்ஃபர்ட்லயோ இறக்கிவிட்டா அந்த கார்டு வெறும் பிளாஸ்டிக்.

அதனால டிராவல் இன்ஷூரன்ஸ் கட்டாயம் வேணும். அதுலயும் டிக்கெட் புக் பண்றப்போ ஒரு டிக் அடிச்சு வாங்குறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அப்பாவுக்கு சுகர், பிபி இருந்தா அதை மறைக்காம எழுதி, ஏற்கனவே இருக்கிற நோயால வர்ற அவசரத்துக்கு எவ்வளவு வரைக்கும் தருவாங்கன்னு பாலிசி வாசகத்துல தேடுங்க. பல பாலிசில அது மொத்தத் தொகையில ஒரு சின்னப் பங்குதான்; சிலதுல சுத்தமா கிடையாது. நடுவுல ஃப்ளைட் மாறுற நாடும் கவர் ஆகுதான்னு பாருங்க. இன்னொண்ணு, குடிச்சதால வந்த பிரச்சனைன்னு முடிவானா பல பாலிசி கை விரிச்சிடும். ஃப்ளைட்ல ஃப்ரீயா கொடுக்குற ஒயினுக்கும் இது பொருந்தும்!

சமீபத்துல ஆபரேஷன் ஆகியிருந்தா, பறக்கலாமான்னு டாக்டர் சான்று ஏர்லைன்ஸ் கேட்கலாம், முன்னாடியே விசாரிச்சிடுங்க. மாத்திரையும் சீட்டும் கைப்பையில இருக்கணும், செக்-இன் பெட்டியில இல்ல. பாலிசி நம்பர், 24 மணி நேர உதவி எண், உங்க எண், மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் உள்ள வச்சு அனுப்புங்க. மயங்கிக் கிடக்கிறவரோட போன் லாக்ல இருக்கும்.