தாராவிக்கு வராத மாத்திரை: ஒரு மருந்து பலன் தருகிறது என்பது எப்படித் தெரியும்?

மும்பை: 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் உயிரிழந்தார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆறரை லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை வசிப்பதாக மதிப்பிடப்படும் பகுதி அது. ஒரே அறையில் எட்டு பேர், பத்து பேர் வாழும் வீடுகளும், பெரும்பாலானோர் பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருக்கும் நிலையும் கொண்ட தாராவியில் தனிமனித இடைவெளி என்பது இயலாத காரியம். எனவே, தொற்று வருமுன் தடுக்கும் மாத்திரை ஏதேனும் கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு அரசு நிர்வாகத்திலும் மக்களிடத்திலும் எழுந்தது.

அந்த மாத்திரையாக முன்வைக்கப்பட்டது மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின். தாராவி, வொர்லி பகுதிகளில் பல்லாயிரம் பேருக்கு அதனை முன்தடுப்பு மருந்தாக வழங்க 2020 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசும் மும்பை மாநகராட்சியும் திட்டமிட்டன. போதிய ஆதாரம் இல்லை, பக்கவிளைவுகள் உண்டு என மருத்துவ வல்லுநர்கள் எச்சரித்ததைத் தொடர்ந்து, அதே மாதப் பிற்பகுதியில் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

பெருந்தொற்றுக் காலத்தின் பரபரப்பில் அதிகம் பேசப்படாமல் போன இந்த முடிவு, அறிவியல் முறைப்படி உறுதிசெய்யப்படாத சிகிச்சைகளை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு இன்றும் பாடமாக உள்ளது.

நம்பிக்கை எழுந்தது எப்படி?

ஹைட்ராக்சிகுளோரோகுயின் புதிய மருந்து அல்ல. மலேரியா, முடக்குவாதம், லூபஸ் ஆகிய நோய்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருவது. ஆய்வகத்தில், குரங்கின் சிறுநீரகச் செல்களில் கொரோனா வைரஸ் பெருகுவதை இம்மருந்து தடுத்தது. 2020 மார்ச்சில் பிரான்ஸின் மார்சேய் நகரிலிருந்து 36 நோயாளிகளைக் கொண்ட சிறிய ஆய்வு ஒன்று வெளியாகி, மருந்து பலன் தருவதாகக் கூறியது. அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிப்படையாக அதனைப் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் அதே மாதம், அறிகுறியற்ற சுகாதாரப் பணியாளர்களும், தொற்று உறுதியானவர்களின் வீட்டாரும் முன்தடுப்பாக இதனை எடுத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது.

ஆனால், இந்த ஆதாரங்கள் மிகவும் பலவீனமானவை. மார்சேய் ஆய்வில் மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் உயிரிழந்தவர். உடல்நிலை மோசமானவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் எந்த மருந்தும் சிறந்த மருந்தாகவே தோன்றும். அந்த ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றது. குரங்கின் சிறுநீரகச் செல்களில் கிடைத்த பலன் மனித நுரையீரல் செல்களில் கிடைக்கவில்லை என்பதும் 2020 ஜூலையில் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

பரிசோதனைகள் சொன்ன முடிவு

தாராவியில் திட்டம் நிறுத்தப்பட்ட ஆறு வாரங்களுக்குள் விடை கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொற்றாளர்களுடன் நெருங்கிப் பழகிய 821 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2020 ஜூன் 3-ஆம் தேதி வெளியானது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்களில், ஒன்றுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மற்றொன்றுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் வழங்கப்பட்டன. மருந்து பெற்றவர்களில் 11.8 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களில் 14.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. தற்செயலாகவே ஏற்படக்கூடிய அளவு சிறிய வேறுபாடு இது என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தது. மருந்து பெற்ற 1,561 பேரில் 27 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் உயிரிழந்தனர். மருந்து எவரையும் காப்பாற்றவில்லை. இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதல்களிலிருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் 2021 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

இம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக் கூடியது. மருத்துவமனையில் இதயத் துடிப்புப் பதிவைக் கண்காணித்தபடி கொடுப்பதும், குறுகிய சந்துகளில் வீடு வீடாக மாத்திரைப் பட்டையை நீட்டிவிட்டுச் செல்வதும் ஒன்றாகாது. ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் பாதிப்பும், 50,000 ஆரோக்கியமானவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது 50 பேரின் பாதிப்பாகிவிடும்.

கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாராவியில் மே மாதம் உச்சத்தில் இருந்த தொற்று, ஜூன், ஜூலை மாதங்களில் வேகமாகக் குறைந்தது. 2020 ஜூலை 10-ஆம் தேதி உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசஸ், தொற்றைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். தனியார் மருத்துவர்களின் துணையுடன் வீடு வீடாகக் காய்ச்சல் பரிசோதனை, தொற்றாளர்களை உடனே பிரித்துத் தனிமைப்படுத்துதல், பொதுக் கழிப்பறைகளில் தொடர் கிருமிநீக்கம் ஆகியவை அங்கு மேற்கொள்ளப்பட்டன.

ஏப்ரலிலேயே மாத்திரை வழங்கப்பட்டிருந்தால், இந்த வெற்றி முழுவதும் மாத்திரையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். மாத்திரை கொடுத்தோம், தொற்று குறைந்தது என்பது கண்ணால் கண்ட சான்றாகவே தோன்றியிருக்கும். பலனற்ற ஒரு மருந்து, தாராவியின் பெயரால் உலகெங்கும் பரிந்துரைக்கப்பட்டிருக்கக் கூடும்.

அந்தத் தோற்றம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை மும்பையின் பிற பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் பகுதிகளை உள்ளடக்கிய மூன்று வார்டுகளில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி ஆகியவை இணைந்து 2020 ஜூலையில் 6,936 பேரின் ரத்த மாதிரிகளைச் சோதித்தன. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும், பிற குடியிருப்புகளில் 16 சதவீதம் பேருக்கும் ஏற்கெனவே தொற்று வந்து சென்றதற்கான எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் வந்ததையே அறியாதவர்கள். அத்தகையவர்கள் கைகளில் அப்போது எந்த மாத்திரை, எந்தக் கசாயம், எந்தத் தாயத்து இருந்திருந்தாலும், அதுவே தம்மைக் காத்தது என்று நம்பியிருப்பார்கள்.

தானாகவே குணமாகும் நோயில் எல்லா மருந்தும் வென்றதாகத் தோன்றும். ஆகவேதான் "மருந்து சாப்பிட்டவர் குணமானாரா?" என்ற கேள்வி போதாது. "சாப்பிடாதவரைவிடக் கூடுதலாகக் குணமானாரா?" என்பதே மருத்துவ அறிவியல் கேட்கும் கேள்வி.

ஆர்சனிகம் ஆல்பம்: கேட்கப்படாத கேள்வி

ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குக் கேட்கப்பட்ட இக்கேள்வி எல்லா மருந்துகளுக்கும் கேட்கப்படவில்லை. ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மருந்தை மூன்று நாட்கள் வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்வது கொரோனா முன்தடுப்பாகலாம் என மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2020 ஜனவரி 29-ஆம் தேதி அறிவுறுத்தியது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டது அதற்கு அடுத்த நாள். அதாவது, நாட்டில் ஒரு நோயாளிகூட அறியப்படாத நிலையில் முன்தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் மும்பை உட்பட நாட்டின் பல நகரங்களில் அம்மருந்து பெருமளவில் விநியோகிக்கப்பட்டது.

பெயரில் உள்ள 30 என்ற எண், மூலப்பொருளை ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் 30 முறை நீர்க்கச் செய்ததைக் குறிக்கும். ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் இட்ட எண்ணால் மூலப்பொருள் வகுக்கப்படுகிறது. ஏறத்தாழ 12-ஆவது முறையைத் தாண்டியதுமே, மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருக்கும் வாய்ப்பு மங்கிவிடுகிறது என்பது வேதியியல் கணக்கு. நீர்க்கச் செய்யும்போது குலுக்குவதால் மருந்தின் ஆற்றல் கூடுகிறது என்பது ஹோமியோபதியின் கோட்பாடு. அக்கோட்பாட்டை அறிவியல் உறுதிசெய்யவில்லை.

இத்தகைய மருந்தால் நேரடித் தீங்கு குறைவாக இருக்கலாம். "மாத்திரை போட்டாகிவிட்டது, இனி வராது" என்ற நம்பிக்கையில் முகக்கவசத்தைக் கழற்றுவதும், காய்ச்சல் வந்தபின் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும்தான் ஆபத்து.

மரபா, நவீனமா என்பதல்ல கேள்வி

மரபு மருத்துவம் அனைத்தும் பொய் என்றோ, நவீன மருந்து அனைத்தும் மெய் என்றோ இதற்குப் பொருளில்லை. மும்பையே அதற்குச் சான்று. சர்ப்பகந்தா வேர் இந்திய மரபு மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டது. இதய நோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அதனை உயர் ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து, கிடைத்த முடிவுகளை 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். அதன்பின் அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், உலகெங்கும் ரத்த அழுத்த மருந்தாயிற்று. மனச்சோர்வு உள்ளிட்ட அதன் பக்கவிளைவுகளும் பதிவாகின. மேலான மருந்துகள் வந்தபின் அதன் பயன்பாடு குறைந்தது.

மறுபுறம், பெரிய மருத்துவமனைகளில் அளிக்கப்பட்ட பிளாஸ்மா சிகிச்சை சோதனையில் தேறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நோய் முற்றியோ உயிரிழந்தோ போனவர்களின் விகிதம் பிளாஸ்மா பெற்ற குழுவில் 19 சதவீதமாகவும், பெறாத குழுவில் 18 சதவீதமாகவும் இருந்தது. பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் நகரெங்கும் அலைந்து முடித்தபின், 2021 மே மாதம் அச்சிகிச்சை வழிகாட்டுதல்களிலிருந்து நீக்கப்பட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிராகரித்த அதே 'ரெக்கவரி' ஆய்வுதான், விலை மலிவான டெக்சாமெத்தசோன், செயற்கை சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் உயிரிழப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதையும் கண்டறிந்தது.

சென்னை காட்டிய வழி

தாராவியில் கொரோனா தணிந்தாலும் காசநோய் தணியவில்லை. காற்றோட்டமற்ற நெருக்கமான வீடுகள் அந்நோய் பரவ ஏதுவானவை. காசநோய்க்கு மலைக்காற்று, முழு ஓய்வு, சத்துணவு ஆகியவை இன்றியமையாதவை என்பதே ஒரு காலத்தில் உலகெங்கும் ஏற்கப்பட்ட மருத்துவக் கோட்பாடாக இருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் அதனைச் சோதித்தது. ஏழை நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். உடன் வசித்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, சானடோரியத்தில் இடம் கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்தது.

இன்று வழக்கமான காசநோயை ஆறு மாத மருந்துகளால் குணப்படுத்த முடியும். அரசு மையங்களில் அவை இலவசம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். அந்நேரத்தில் "மூலிகையால் முற்றிலும் குணம்" என்ற விளம்பரத்தை நம்பிக் கழியும் ஒவ்வொரு வாரமும், நோயாளியின் நுரையீரலையும் அதே அறையில் உறங்கும் குழந்தைகளையும் பாதிக்கிறது.

சட்டமும் எளிய கேள்விகளும்

காசநோய், புற்றுநோய், நீரிழிவு உள்ளிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரையிலும், மீண்டும் செய்தால் ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம். எனினும், கைபேசியில் பகிரப்படும் ஒவ்வொரு காணொளியையும் சட்டம் துரத்திப் பிடிப்பது கடினம்.

எனவே, புதிய மருந்தோ பழைய மருந்தோ, பரிந்துரைக்கப்படும்போது சில கேள்விகளைக் கேட்பது பயன் தரும். யாருடன் ஒப்பிட்டு இதன் பலன் கண்டறியப்பட்டது? எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது? பலன் பெறாதவர்களும் கணக்கில் சேர்க்கப்பட்டார்களா? பக்கவிளைவுகள் என்ன? இதற்காகத் தற்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வந்தால், உடனே அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது.

2020 ஏப்ரலில் தாராவியின் சார்பில் வல்லுநர்கள் கேட்டவையும் இதே கேள்விகள்தான். அவற்றுக்கு அப்போது விடை இருக்கவில்லை. அதனால் மாத்திரை வரவில்லை. மாத்திரை இல்லாமலேயே தாராவி அந்த அலையைக் கடந்தது.