அடையாள அட்டையில் இரண்டு கருப்பு

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் அடையாள அட்டைகளில் பல, ரிப்பனில் பூசப்பட்ட சாயத்தை வெப்பத்தால் அட்டைக்கு மாற்றும் வெப்பப் பெயர்வு முறையில் அச்சாகின்றன. மஞ்சள், மெஜந்தா, சியான், கருப்பு, கடைசியில் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு என்று அட்டையளவுப் பட்டைகள் அந்த ரிப்பனில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்க, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு முறை அட்டை அச்சுமுனையின் அடியில் போய்த் திரும்புகிறது. ஆகவே திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவையாகத் தெரியும் படத்தை, எந்தச் சாயம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று முன்கூட்டியே நான்கு தனிப் படங்களாகப் பிரித்தாக வேண்டும். அச்சுத் தொழிலில் கலர் செப்பரேஷன் எனப்படும் வண்ணப் பிரிப்பு இதுவே.

பிராங்க்பர்ட்டில் 1667-இல் பிறந்த அச்சுக் கலைஞர் லெ பிளான், ஓர் ஓவியத்தை நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்று செப்புத் தகடுகளாகக் கண் மதிப்பிலேயே பிரித்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். இன்று அந்த மதிப்பீட்டைக் கணினி செய்கிறது. சியான் சிவப்பு ஒளியையும், மெஜந்தா பச்சையையும், மஞ்சள் நீலத்தையும் விழுங்குவதால், படத்தில் சிவப்பு குறையுமிடத்தில் சியான் கூட வேண்டும் என்பதே கணக்கின் அடிப்படை.

அச்சுமுனையில் ஓர் அங்குலத்துக்கு 300 என்ற கணக்கில் நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக உள்ளன. சூடு கூடக்கூட மூவண்ணச் சாயமும் கூடுதலாகப் பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவுவதால், கன்னத்தின் மென்மையான நிழல்கூடப் படிப்படியாக அமைகிறது. கருப்புப் பட்டை அப்படிப்பட்டதன்று. அதில் இருப்பது பிசினுடன் கலந்த நிறமி, அது முழுதாக ஒட்டும் அல்லது ஒட்டவே ஒட்டாது. எனவே தலைமுடியின் கருப்பை மூவண்ணச் சாயங்களாலும், எழுத்து, பட்டைக்குறியீடு ஆகியவற்றின் கருப்பைப் பிசினாலும் அச்சிட வேண்டியிருக்கிறது; வண்ணப் பிரிப்பின் திறமை முழுவதும் இவ்விரண்டு கருப்பையும் இனங்காண்பதில்தான் சோதிக்கப்படுகிறது.

வடிவமைப்பாளர் அட்டை முழுவதையும் ஒரே ஜேபெக் படமாகச் சேமித்துவிட்டால், சுருக்கத்தின் விளைவாக எழுத்தின் கருப்பு தூய கருப்பாக இராமல் சற்றே பிசகிவிடும். தூய கருப்பை மட்டுமே பிசினுக்கு ஒதுக்கும்படி அமைந்த மென்பொருள் அந்த எழுத்தை மூவண்ணங்களுக்குப் பகிர்ந்தளித்துவிடும். அட்டை ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண விளிம்பு படியும். தமிழுக்கு இது பெருங்கேடு: சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும், ஒருவருடைய பெயரே பிழையாகப் படிக்கப்படும். மாறாக, படத்தின் தலைமுடியில் தூய கருப்புப் புள்ளிகள் இருந்து அவை பிசினுக்குப் போனால், முடியில் தார் ஒட்டியதுபோல் கருந்திட்டுகள் தோன்றும். புகைப்படத்தைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் வைத்து, எந்தப் பகுதிக்குப் பிசின் என்பதை மென்பொருளில் குறித்துவிடுவதே நல்ல பழக்கம்.

பிரிக்கப்பட்ட இந்தப் படங்களைக் கண்ணால் காண வேண்டுமானால், பயன்படுத்திய ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்தால் போதும். மெஜந்தா பட்டையில், சாயம் மிகுதியாகப் போன இடங்கள் வெளிறி, அட்டையிலுள்ள முகம் எதிர்மறைப் படமாகத் தெரியும். கருப்புப் பட்டையிலோ பிசின் நீங்கிய இடங்கள் கண்ணாடிபோல் தெளிந்து, பெயரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து படிக்கும்படி நிற்கும். அட்டைக்குரியவரின் விவரங்கள் அதில் அப்படியே தங்கிவிடுவதால், பாதுகாப்பில் அக்கறையுள்ள நிறுவனங்கள் தீர்ந்த ரிப்பனைக் குப்பையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டி அழிக்கின்றன.