ஒரு முகவரிக்கு ஓர் உரிமையாளர்

பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் ஒரே வீட்டு மனையை இருவர் தமதெனக் கருதி, ஒருவர் அறியாமல் மற்றவர் சுவர் எழுப்பத் தொடங்கினால் விளைவது யாதென எவரும் அறிவர். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய வழக்கு எழக்கூடும். அதைத் தவிர்ப்பது, இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலின் கடமைகளுள் ஒன்றாகும்.

அதே நகரில் 2001-ஆம் ஆண்டில் உருவான சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறியை உதாரணமாகக் கொள்ளலாம். இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் அதனை வடிவமைத்தனர். இன்டெல் நிறுவனத்தின் ஸ்டிராங்ஆர்ம் செயலியும், லினக்ஸ் இயக்க முறைமையும் அதில் இடம்பெற்றன.

அச்செயலி முகவரிகளை 32 இருமங்களால் குறிப்பது. ஆகவே 400 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அதற்கு உண்டு. அவை யாவும் நினைவகத்துக்கே உரியன அல்ல. பதினாறடிமான எண்முறையில் 80050000 என்னும் முகவரி ஒரு சீரியல் போர்ட்டுக்கு உரியது. அங்கு ஓர் எண்ணை எழுதுவது நினைவில் வைப்பதன்று. சாதனத்துக்குக் கட்டளை இடுவதாகும். இரண்டு இயக்கி நிரல்கள் ஒரே சாதனத்துக்கு முரணான கட்டளைகளை இட்டால், தகவல் சிதையும்; பொறியே நின்றுவிடவும் கூடும்.

ஆதலால் லினக்ஸ் கெர்னல் ஒரு பதிவேட்டைப் பேணுகிறது. நில அளவை எண்ணுக்கு உட்பிரிவுகள் இருப்பது போல, பெரிய முகவரிப் பரப்புக்குள் சிறு பரப்புகள் அதில் அடங்கும். இயக்கி நிரல் முதலில் தனக்கு வேண்டிய பரப்பைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது பிறர் வசம் இருப்பின் கோரிக்கை மறுக்கப்படும். இடம் கிடைத்த பின்னரே, அம்முகவரியைக் கெர்னல் கையாளத்தக்க முகவரியாக மாற்றிக்கொள்ளுதல் முறை. பணி முடிந்ததும் இடத்தைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். இதனை மறக்கும் நிரல்களால் இடம் வீணே முடங்கியது. 2007-ஆம் ஆண்டு முதல், சாதனம் விலகும்போதும், தொடக்கம் இடையில் தோல்வியுறும்போதும் தானாகவே ஒப்படைக்கும் ஏற்பாடு லினக்ஸில் உள்ளது.

எனினும், பதிவேடு வேலி ஆகாது. கேளாமலே உட்புகும் இயக்கி நிரலை அது தடுப்பதில்லை. கேட்பவருக்கு மட்டுமே மறுப்புச் சொல்லும். எல்லோரும் முறையாகப் பதிவு செய்தால்தான் எவருக்கும் பாதுகாப்பு.

லினக்ஸ் கணிப்பொறி உள்ள பள்ளிகளில், நிர்வாகி உரிமையுடன் 'ப்ராக்' அடைவிலுள்ள 'ஐஓமெம்' கோப்பைத் திறந்து, இப்பதிவேட்டை மாணவர்க்கு நேரிலேயே காட்டலாம்.