எட்டுப் பேர் சாம்பார் இருநூறு பேருக்கு

கணக்கு எழுதிப் பிழைப்பவனிடம் சமையல் அளவைக் கொடுத்தால் பிசகாது என்று நம் சங்கத்து அன்பர்கள் 1996 பொங்கல் விழாவின்போது நம்பினார்கள். நானும் நம்பினேன். தில்லிக் குளிரில் 200 பேருக்குச் சாப்பாடு. வழக்கமான சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டார். சாம்பார் என் பொறுப்பு. கையில் இருந்தது, அம்மா எனக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு.

எட்டுப் பேருக்குத் துவரம்பருப்பு 200 கிராம், பெரிய எலுமிச்சை அளவு புளி, உப்பு நான்கு தேக்கரண்டி என்று எழுதியிருந்தாள். 200ஐ எட்டால் வகுத்தால் 25. எல்லாவற்றையும் 25ஆல் பெருக்க வேண்டியதுதான். பள்ளியில் படித்த மும்மை விதி. ஆரியபட்டரே சொல்லி வைத்தது. பருப்பு 5 கிலோ. உப்பு 100 கரண்டி.

புளியில் முதல் தகராறு வந்தது. எந்த எலுமிச்சை? 4 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக்கும் 5 செ.மீ. உருண்டைக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கொள்ளளவு 64க்கு 125. ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஒரு வழியாக ஒரு கிலோ என்று முடிவு செய்தோம்.

உப்பில்தான் மோசம் போனேன். இளைஞர் ஒருவர் 100 கரண்டி எண்ணிப் போட்டார். கொதித்ததும் ருசி பார்த்த மாமி ஒருவர் முகத்தைச் சுளித்தார். "எந்த உப்பு போட்டீங்க?" என்றார். பாக்கெட்டில் வந்த பொடியுப்பு. அதுவும் கரண்டி கரண்டியாகக் குவித்து. அம்மா எழுதியது கல்லுப்பு. பந்திக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. எனக்குக் குளிரிலும் வியர்த்தது.

மாமி பதறவில்லை. "போட்டதை எடுக்க முடியாது, மத்ததைக் கூட்டலாம். எவ்வளவுன்னு நீங்கதான் கணக்குப் போடணும்" என்றார். தன் வீட்டிலிருந்து கல்லுப்பு கொண்டுவரச் செய்தார். மளிகைக் கடைத் தராசில் 20 கரண்டி நிறுத்தோம்: 100 கிராம். அப்படியானால் 100 கரண்டிக்கு 500 கிராம் போயிருக்க வேண்டும். ஒரு கிலோ பாக்கெட்டில் மிச்சமிருந்ததோ 200 கிராம். அண்டாவுக்குள் 800 கிராம்!

500 கிராம் உப்பு 5 கிலோ பருப்புக்கு என்றால், 800 கிராம் எத்தனை கிலோவுக்கு? எட்டு. இன்னும் 3 கிலோ பருப்பை உப்பில்லாமல் வேகவைத்து, புளியும் பொடியும் தண்ணீரும் அதே விகிதத்தில் சேர்த்து, இரண்டாவது அண்டாவில் பகிர்ந்தோம். என்னைக் கவிழ்த்த விதியே கைதூக்கியும் விட்டது. பந்தி அரைமணி தாமதம். மிஞ்சிய சாம்பார் தூக்குகளில் பல வீடுகளுக்குப் போயிற்று.

அன்று தெரிந்துகொண்டது இதுதான்: அளவைப் பெருக்கும்போது பிழையும் கூடவே பெருகும். எட்டுப் பேருக்குக் கரண்டி குவிந்தால் 12 கிராம் கூடும், சமாளிக்கலாம். 200 பேருக்கு அதுவே 300 கிராம். ஆகவே பெருக்கும் முன் கரண்டியையும் உருண்டையையும் கிராமாக்கிக் கொள்ளுங்கள். உப்பு, புளி, காரத்தில் முக்கால் பங்கை முதலில் போட்டு, ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். எல்லாம் ஒரே கணக்கில் பெருகாது என்பதும் நினைவிருக்கட்டும். நேரம் 25 மடங்காகாது. தாளிக்கும் எண்ணெயும் அத்தனை வேண்டாம். பெரிய அண்டாவில் ஆவியாகும் தண்ணீரின் பங்கு குறைவு. குறைத்துச் சமைக்கும்போது இதுவே தலைகீழ்: மூன்று பேருக்குப் பருப்பு 75 கிராம், கல்லுப்பு ஒன்றரைக் கரண்டி சரி, தண்ணீரை மட்டும் சற்றுத் தாராளமாக விடுங்கள்.

அடுத்த விடுமுறையில் மாயவரம் போனபோது அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். "கணக்கு சரிதாண்டா, கரண்டிதான் தப்பு" என்றாள். பெரிய எலுமிச்சை அளவு புளியை அவள் கையாலேயே ஐந்து முறை உருட்டித் தரச் சொல்லி, கடையில் கொண்டுபோய் நிறுத்தேன். மொத்தம் 200 கிராம், உருண்டைக்கு 40. இருபத்தைந்தால் பெருக்கினால் சரியாக ஒரு கிலோ!

இன்று அம்மா இல்லை. குறிப்பில் அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்தில் அந்த 40 இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ஒரு கை', 'ஒரு சிட்டிகை' என்று சொல்லும்போது, அடுத்த முறை தராசை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் நமக்குத் தெரியும். அந்தக் கையின் அளவு அவர்களிடம்தான் இருக்கிறது.