பின்வரிசையில் எங்கே நிற்பது?

ரக்பி என்றாலே ஒருவர் மேல் ஒருவர் விழும் முரட்டு ஆட்டம் என்ற எண்ணம் நம் மாணவர்களிடையே இன்னும் உண்டு. விடுதிக் குழுவுக்கு ஆள் குறைந்தால், நன்றாக ஓடக்கூடிய நம் பையன் ஒருவனைப் பிடித்து, "நீ விங், ஓரமாக நில்" என்று விட்டுவிடுவார்கள். எங்கே நிற்பது, ஏன் நிற்பது என்று யாரும் சொல்வதில்லை. பிறகு அடிபட்டு நொண்டி வருபவனும் அவன்தான். அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பதினைவர் ஆட்டத்தில் முதல் 8 எண்கள் முன்வரிசைக்கு உரியவை. அவர்கள்தாம் ஸ்கிரமில் முட்டித் தள்ளுபவர்கள். 9 முதல் 15 வரை பின்வரிசை. திடலின் அகலமோ ஏறக்குறைய 70 மீட்டர். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக்கூடாது என்ற ஒரே விதிதான் இந்த எழுவரின் நிலையையும் தீர்மானிக்கிறது.

தாக்கும்போது பின்வரிசை சாய்வுக் கோடாக நிற்கும். 9 எடுத்துக் கொடுக்கும் பந்தை 10 வாங்குவார். அவருக்குச் சற்றுப் பின்னால் 12, அவருக்கும் பின்னால் 13, ஓரத்தில் விங். ஏன் பின்தள்ளி நிற்க வேண்டும்? பந்து வரும்போது நாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 10க்கு நேராக நின்றால் நின்ற இடத்திலேயே பந்தை வாங்க நேரும். கண் பந்தின் மேல் இருக்க, எதிராளியின் தோள் விலாவில் இறங்கும். அதற்காக அளவுக்கு மீறிப் பின்னால் போனாலும் வம்புதான். மூன்று முறை பந்தை மாற்றிய பிறகும் ஆட்டம் தொடங்கிய இடத்துக்குப் பின்னாலேயே மடக்கப்படுவோம். மழையில் பந்து வழுக்கினால் இடைவெளியைக் குறைத்து நெருங்கி நிற்பது நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை ஆட்டத்துக்கு இது அடிக்கடி தேவைப்படும்!

தற்காப்பில் சாய்வு கூடாது. எல்லாரும் ஒரே கோடு. ஸ்கிரமின்போது, அதில் சேராதவர்கள் தம் அணியின் கடைசிக் காலுக்கு 5 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும்; லைன் அவுட்டில் அது 10 மீட்டர். பந்து வெளியே வந்ததும் கோடு கலையாமல் முன்னேற வேண்டும்.

என் ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் தம்பிமார்களுக்கு இதை விளக்கக் கபடி கைகொடுத்தது. பாடி வருபவனைச் சுற்றிக் கைகோத்து நிற்கும்போது ஒருவன் அவசரப்பட்டால் சங்கிலி அறுகிறதல்லவா? ரக்பியிலும் அதேதான். இங்கே கையைக் கோக்க முடியாது, குரல்தான் சங்கிலி. "என் ஆள்", "உன் ஆள்" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஆளுக்கு நேர் எதிரே நிற்காமல், பந்து இருக்கும் பக்கமாக அரை ஆள் தள்ளி, அவனுடைய உள்தோளைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது அவனுக்கு வெளிப்பக்கம் மட்டுமே வழி. அங்கே எல்லைக்கோடு காத்திருக்கிறது. என் கருத்தில் 13தான் மிகக் கடினமான இடம். உள்ளே வருபவனைப் பிடிப்பதா, வெளியே இருப்பவனுக்கு விலகுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

எல்லாரும் முன்னே ஏறினால் பின்னால் உதைக்கப்படும் பந்தை யார் பிடிப்பது? அதற்குத்தான் 15. அவர் ஒரு பக்கம் நகர்ந்தால் மறுபக்கத்து விங் பின்வாங்க வேண்டும், ஊஞ்சல் போல.

பதின்மர் ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1967இல் கோப்ரா மன்றம் அதைத் தொடக்கியது. அதில் முன்வரிசைக்கு ஐவர், பின்வரிசைக்கு ஐவர். அகலமோ அதே 70 மீட்டர். ஆளுக்கு 14 மீட்டர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் பின்னால் நின்றால் மீதி நால்வருக்கு அது 17 மீட்டரைத் தாண்டும். பயிற்சியில் முதல் வேலையாக, உங்களுக்கு இருபுறமும் நிற்பவர்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடத் தேவைப்படும்.