சுவருக்குள் ஒரு மின்கம்பி

மின்சாரக் கார் வாங்கியவர்கள் அதற்கு வீட்டிலேயே மின்னேற்ற விரும்புகிறார்கள். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்குமிடம்வரை ஒயர் தொங்கினால் அழகு கெடுமே என்று அதைச் சுவருக்குள் மறைக்கவும் சொல்கிறார்கள். மறைக்கலாம்; ஆனால் இது மின்விசிறிக்குப் போகும் ஒயர் போன்றதன்று.

மின்விசிறி அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. 7.4 கிலோவாட் சார்ஜரோ 230 வோல்ட்டில் சுமார் 32 ஆம்பியர் இழுக்கிறது. அதுவும் மணிக்கணக்கில், பெரும்பாலும் நாம் உறங்கும் வேளையில்! மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்று இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? வெளியே கிடக்கும் ஒயரின் சூட்டைக் காற்று தணிக்கும். சுவருக்குள் அவ்வளவு எளிதில் தணியாது. ஆகவே 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியே வேண்டும். தூரம் அதிகமானால் இன்னும் தடித்தது. எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை.

கம்பியைப் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தியே பதிக்க வேண்டும். குழாய் நேர்மேலாகவோ கிடையாகவோ செல்லட்டும். குறுக்கே சாய்த்தால் குழாய் சற்று மிச்சமாகும்; ஆனால் பின்னொரு நாள் படம் மாட்ட ஆணி அடிப்பவர் அதை எப்படி அறிவார்? பூசுவதற்கு முன் சுவரைப் படமெடுத்து, அளவுகளைக் குறித்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைப்போம். நமக்குப் பின் அவ்வீட்டில் குடியேறுபவருக்கும் அது உதவும்.